அறிக்கையில் எழுதாத சத்தம்

ஏறாவூர்,
06.01.2025

திரு. டெரிக் றொசைரோ அவர்கட்கு,
பழுகாமம்.

ஐயா,

மகளிர் இறுதிப் போட்டிக்கு மைதானப் பிரவேச அனுமதி கோரியமை தொடர்பாக

வாவிக்கரை உதைபந்தாட்ட லீக்கின் ஒழுக்காற்றுக் குழுவுக்குத் தாங்கள் 29.12.2024 அன்று அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது. மழையால் ஒத்திவைக்கப்பட்டு எதிர்வரும் பெப்ரவரி 22ஆம் திகதி நடைபெறவுள்ள இறுதிப் போட்டியில் தங்கள் மகள் செல்வி மிஷேல் றொசைரோ விளையாடுகிறார் என்றும், அவர் மார்ச் 5ஆம் திகதி யப்பானுக்குத் தொழிலுக்குச் செல்வதால் அதுவே இங்கு அவருடைய கடைசி ஆட்டம் என்றும், அந்த ஒரு நாளாவது மைதானத்தினுள் இருந்து பார்க்கத் தங்களை அனுமதிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மத்தியஸ்தர் ஒருவரைத் தாக்கியமைக்காகத் தங்களுக்கு 04.10.2003 அன்று விதிக்கப்பட்ட வாழ்நாள் தடை இன்னும் நடைமுறையில் உள்ளது. 41ஆம் விதியின்படி, அவ்வாறு தடைசெய்யப்பட்டவர் லீக்கின் மைதானம் எதனுள்ளும், வீரராகவோ பார்வையாளராகவோ, பிரவேசிக்கலாகாது. ஒரு நாள் விலக்கு அளிக்க விதியில் இடமில்லை. அன்று அறிக்கை எழுதிய மத்தியஸ்தர் அதைத் திருத்தி எழுத்தில் சமர்ப்பித்தால் மட்டுமே தடையை மீளாய்வு செய்யலாம். அத்தகைய திருத்தம் எதுவும் லீக்கின் ஆவணக் கோவையில் இல்லை.

ஆகவே தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாதுள்ளதை வருத்தத்துடன் அறியத்தருகிறேன்.

தாங்கள் வாவியில் தோணியை நிறுத்தி ஆட்டங்களைப் பார்ப்பதாக இரண்டு முறைப்பாடுகள் கிடைத்துள்ளன. மைதானத்தின் எல்லை கரையோடு முடிகிறது. தண்ணீரைப் பற்றி விதி எதுவும் கூறவில்லை. நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

இங்ஙனம்,
எம். ஐ. முனாப்
தலைவர், ஒழுக்காற்றுக் குழு

பி.கு.: அன்று அறிக்கை எழுதிய மத்தியஸ்தர் நான் என்பது தங்களுக்குத் தெரியும். அதை மேலே எழுதாமல் விட்டது முறையல்ல என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன். எனது தொலைபேசி இலக்கம் கீழே உள்ளது.


பழுகாமம்,
14.01.2025

முனாப்,

'ஐயா' என்று எழுதியிருக்கிறாய். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்தோம். நீ இடது பக்கம், நான் வலது பக்கம். உன் கணக்குக் கொப்பியைப் பார்த்து நான் எழுதுவேன். என் வரைதல் கொப்பியில் நீ பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பாய். அந்தக் காலத்திலேயே உனக்குக் கள்ளக் கையெழுத்து அழகாக வரும். இப்போது 'ஐயா'.

உன் இலக்கத்துக்கு நான் எடுக்க மாட்டேன். நீ என்னைப் பற்றி எழுதினாய், பேசவில்லை. ஆகவே எழுத்திலேயே வைத்துக்கொள்வோம். தபால்காரர் வெள்ளத்தில் மூன்று நாள் இந்தப் பக்கம் வரவில்லை. இருபத்தொரு வருடம் பொறுத்தவனுக்கு மூன்று நாள் பெரிதில்லை.

தண்ணீரைப் பற்றி விதி சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் பிரஷாந்திக்கு வாசித்துக் காட்டினேன். என் மனைவி உன்னை ஒரு தரம்கூடக் கண்டதில்லை. "அந்த மனிசனுக்கு எழுதுறதுக்கு வாவிக்கு எழுதி விடுங்க. மீனாவது படிக்கும்" என்றாள்.

தோணி என் மாமனாருடையது. ஏழு வருடமாக மகளின் ஆட்டத்தை அதில் இருந்துதான் பார்க்கிறேன். ஒரு பாதியில் அவள் வாவிப் பக்கக் கோலைக் காப்பாள். அப்போது முதுகு தெரியும், முதுகில் ஐந்தாம் இலக்கம் தெரியும். மற்றப் பாதியில் எறும்பு மாதிரித் தெரிவாள். இறால் பிடிக்கிறவர்கள் பக்கத்தால் போகும்போது, "போத்துக்கல், இண்டைக்கு எந்தக் கலரியில இருந்து பாக்கிறாய்?" என்று கேட்பார்கள். ஓம், இன்னும் அந்தப் பட்டம்தான். பறங்கி வீட்டுப் பிள்ளை, பின்களத்தில் ஸ்டொப்பர் நிற்கிறான். அவர்களுக்கு அது போதும். ஐந்நூறு வருடத்துக்கு முன்னம் கப்பலில் வந்த ஆளின் கணக்கையும் என்னிடம்தான் கேட்பார்கள். "உங்கட ஆக்கள் கோட்டையக் கட்டினாங்க, நீ கோலயாவது காத்துக் குடு" என்பார்கள். எனக்குப் போர்த்துக்கல் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரால் கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

மகள் முதுகை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன், முனாப். அவள் எதிரே வரும் ஆளை நேருக்கு நேர் பார்க்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன்.

திருத்தம் கோவையில் இல்லை என்கிறாய். அது கோவையில் எப்படி இருக்கும்? அது உன்னிடம் அல்லவா இருக்கிறது.

டெரிக்


ஏறாவூர்,
20.01.2025

அன்புள்ள டெரிக் அவர்கட்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாங்கில் யார் எந்தப் பக்கம் இருந்தோம் என்பதை நான் மறக்கவில்லை. கடந்த கடிதம் குழுத் தலைவரின் கடிதம். அதில் வாங்கைப் பற்றி எழுத முடியாது. இது என்னுடைய கடிதம்.

கடந்த சனிக்கிழமை லீக் அலுவலகத்தில் பழைய ஏடுகளை எடுத்துப் பார்த்தேன். உங்கள் விளையாட்டு வாழ்க்கை முழுவதும் அங்கே இருக்கிறது. 1994 தொடக்கம் 2003 வரை பத்துப் பருவங்கள். நூற்று நாற்பத்து மூன்று ஆட்டங்கள். அத்தனையிலும் பின்களத்தில், ஐந்தாம் இலக்கத்தில். அடித்த கோல்கள் இரண்டு. அவற்றில் ஒன்று சொந்தக் கோலுக்குள். எச்சரிக்கை அட்டைகள் நான்கு. வெளியேற்றம் எதுவுமில்லை, கடைசி ஆட்டத்தைத் தவிர. ஒரு பின்கள வீரருக்கு இவ்வளவு சுத்தமான பதிவை நான் வேறெங்கும் கண்டதில்லை. மத்தியஸ்தர் பயிற்சிகளில் உங்களைப் பெயர் சொல்லாமல் உதாரணம் காட்டியிருக்கிறேன்: தரையில் விழாமல் பந்தைப் பறிக்கும் வீரர் ஒருவர் இருந்தார் என்று. அவ்வாறு சொல்லிவிட்டு அன்று மதியம் எனக்குச் சாப்பிட முடியவில்லை என்பதையும் எழுதுகிறேன்.

எனது அறிக்கையின் பிரதியையும் எடுத்தேன். அதை அப்படியே தருகிறேன்:

'14.09.2003. ஆட்டத்தின் 67ஆம் நிமிடத்தில், எதிரணி வீரரைத் தடுக்கி வீழ்த்தியமைக்காக எச்சரிக்கை அட்டை காட்டும் பொருட்டு 5ஆம் இலக்க வீரர் டெ. றொசைரோவை அழைத்தேன். நான் அட்டையை எடுத்த வேளை அவர் தமது வலது கையால் எனது பிடரியைப் பற்றி என்னைத் தரையில் தள்ளினார். நான் முகங்குப்புற விழுந்தேன். முன்பல் ஒன்று உடைந்தது. அவர் ஏறத்தாழ பத்து விநாடிகள் என்மீது கிடந்து நான் எழுவதைத் தடுத்தார். அவருக்குச் சிவப்பு அட்டை காட்டினேன்.'

ஒவ்வொரு வாக்கியமாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூடப் பொய் அல்ல.

அந்த வேளையில் கிழக்குப் பக்கக் கூட்டத்தில் யாரோ வெடி கொளுத்தினார்கள் என்பதை எனது உதவி மத்தியஸ்தர் அசனார் பின்னர் கூறினார். யுத்த நிறுத்தம் வந்து ஒன்றரை வருடம். கடைகளில் சீனவெடி மறுபடி விற்கத் தொடங்கியிருந்த காலம். ஆனால் அவர் அதைக் கூறியபோது அறிக்கை சமர்ப்பிப்பதற்கான நாற்பத்தெட்டு மணித்தியாலங்கள் முடிந்திருந்தன. உங்களுக்கு எதிராக எனக்கு எந்தத் தனிப்பட்ட எண்ணமும் இருக்கவில்லை.

வெடிச் சத்தத்தைப் பற்றி நீங்கள் ஒரு சத்தியக் கூற்றை எழுதி அனுப்பினால், அதனை ஆதாரமாகக் கொண்டு திருத்தம் ஒன்றைச் சமர்ப்பிக்க என்னால் இயலும். காலம் குறைவாக இருப்பதால் விரைவாக அனுப்புவது நல்லது.

அன்புடன்,
முனாப்


பழுகாமம்,
27.01.2025

முனாப்,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்து வாசித்தேன். கையில் உளி இருந்தது. கீழே வைத்துவிட்டு மறுபடி வாசித்தேன்.

நூற்று நாற்பத்து மூன்று. நான் எண்ணியதில்லை. உன் ஏட்டில் இல்லாததை நான் சொல்கிறேன். தச்சன் மகன் நான்; பந்தைப் பார்க்க மாட்டேன், ஆளின் இடுப்பைப் பார்ப்பேன். பலகை எந்தப் பக்கம் வளையும் என்பது அதன் நடுவில் தெரியும். இடுப்பு திரும்பிய பக்கம் நான் முன்னமே நிற்பேன். அதனால்தான் விழத் தேவையில்லை. உன் மாணவர்களுக்கு இதையும் சொல்லிக் கொடு.

2003இல் கொழும்புக் கழகம் ஒன்று என்னைக் கேட்டது உனக்குத் தெரியும். ஒக்டோபரில் போய்ச் சேர வேண்டும். மிஷேல் அப்போது பிரஷாந்தியின் வயிற்றில். ஒக்டோபரில் உன் தடை வந்தது. அடுத்த வருடம் கட்டாருக்குத் தச்சு வேலைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காலைகளில் முகாமுக்குப் பின்னால் சரளைக் கல்லில் ஆடினோம். அங்கே யாரிடமும் பட்டியல் இல்லை. யார் தடைபட்டவன் என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து வருடம் ஆடினேன். முழங்கால் போனதும் நிறுத்தினேன். என் விளையாட்டு வாழ்க்கை அங்கேதான் முடிந்தது. உன் ஏட்டில் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவாய்?

இனி மற்றது.

அசனார் சொல்லித்தான் வெடிச் சத்தம் தெரியும் என்கிறாய். மைதானத்தில் இருந்த ஆயிரம் பேருக்குக் கேட்டது. கரையில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. உனக்கு மட்டும் கேட்கவில்லை.

தொண்ணூறில் சண்டை மூண்டதும் உன்னைக் கண்டியில் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பிழைத்துக்கொண்டாய், நல்லது. நாங்கள் இங்கே இருந்தோம். சத்தம் கேட்டால் பக்கத்தில் நிற்பவனின் பிடரியைப் பிடித்து நிலத்தில் அமத்துவது எங்களுக்குக் கண் இமைக்கிற மாதிரி. யார் எவர் என்று பார்ப்பதில்லை. என் தம்பி நைஜலை ஒரு நாள் துறையடியில் அப்படி அமத்தினேன். சத்தம் நின்றுவிட்டது என்று நினைத்து அவன் தலையைத் தூக்கினான். நான் கையை எடுத்திருந்தேன். அதற்குப் பிறகு யாரை அமத்தினாலும் நான் கையை எடுப்பதில்லை. பத்து விநாடி என்று எழுதியிருக்கிறாய். நான் எண்ணிக்கொண்டுதான் கிடந்தேன்.

உன் காதுக்குள் நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறது. இருபத்தொரு வருடமாக நீ அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். விசாரணையன்று நான் வெடியைப் பற்றிச் சொன்னபோது தலைவர் உன்னிடம் கேட்டார்: "றெபரி, உங்களுக்கு ஏதும் கேட்டிச்சா?" நீ என்னைப் பார்க்கவில்லை. "அறிக்கையில் உள்ளதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை" என்றாய்.

சத்தியக் கூற்று நான் எழுத மாட்டேன். எழுத வேண்டியவன் நான் இல்லை. அதை எழுதாமல் எனக்கு இனி எதுவும் எழுதாதே.

டெரிக்


ஏறாவூர்,
05.02.2025

டெரிக்,

இக்கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகப் பரீட்சைக் கிளையில் எனது தொழில், வினாத்தாளில் ஒரு சொல் விடுபட்டாலும் கண்டுபிடிப்பது. அதனால் விடுபட்டதை எழுதுவது எவ்வளவு எளிதென்று எனக்குத் தெரியும். ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேலை.

கேட்டது. வெடிச் சத்தமும் கேட்டது. நீ சொன்னதும் கேட்டது. "எழும்பாத மச்சான், தலயத் தூக்காத" என்றாய். உன் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டது. தாக்க வந்த ஒருவனின் நெஞ்சு அப்படி அடிக்காது என்று அங்கே கிடந்தபடியே எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தை விட்டபின் என்னை எவரும் மச்சான் என்று அழைத்ததில்லை என்பதுகூட அந்த நேரத்தில் மனதில் ஓடியது.

பின்னர் நீ எழுந்தாய். நானும் எழுந்தேன். கூட்டம் சிரித்தது. எனது ஊரவர்கள் இருந்த பக்கம்தான் அதிகம் சிரித்தது. விசில் எனது வாயிலேயே இருந்தது. இரத்தமும் மண்ணும் கலந்து நான் மூச்சு விட்டபோது அது தானாக ஊதியது. "டேய், விசிலயும் முழுங்கிட்டாருடா!" என்று ஒருவன் கத்தினான். அன்று பிறந்த அந்தப் பட்டம் இன்றும் இருக்கிறது. எனது மனைவி ஸாலிஹாவின் தங்கை மகன் போன மாதம் அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

என்னை மதிப்பிடக் கொழும்பிலிருந்து வந்த தேர்வாளர் கூடாரத்தில் இருந்தார். முதலாம் தர மத்தியஸ்தராக உயர்வதற்கு எனது கடைசி ஆட்டம் அது. ஒரு மத்தியஸ்தர் தாக்கப்பட்டால் அது அவருடைய குறையல்ல. சீனவெடிக்குப் பயந்து ஒரு வீரர் அவரை மண்ணில் அமத்தினார் என்றால் அது பகிடி. நான் தாக்கப்பட்டவனாக இருக்க விரும்பினேன். சிவப்பு அட்டையை எடுத்தபோது நீ என் முகத்தைப் பார்த்து, "பல்லில ரத்தம், மச்சான்" என்றாய். அதையும் நான் எழுதவில்லை.

அசனார் வந்து சொன்னது உண்மை. ஆனால் அது எனக்குச் செய்தி அல்ல. நாற்பத்தெட்டு மணித்தியாலம் முடிந்தபின் சொன்னார் என்பதும் உண்மை. அவர் அன்று மாலையே வந்திருந்தார். நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. 2004 பெப்ரவரியில் அந்தக் கொழும்புக் கழகம், உனது தடையை மீளாய்வு செய்ய முடியுமா எனக் கேட்டு லீக்குக்கு எழுதியது. அக்கடிதம் மத்தியஸ்தரின் கருத்துக்காக என்னிடம் அனுப்பப்பட்டது. நான் 'மாற்றமில்லை' என்று எழுதித் திருப்பினேன். அந்த ஒரு சொல்லை எழுத எனக்குப் பதினொரு நாட்கள் பிடித்தன. உனக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று அப்போது கேள்விப்பட்டிருந்தேன்.

நேற்று, 04.02.2025 அன்று, இவை அனைத்தையும் எழுதித் திருத்த அறிக்கையாகச் சமர்ப்பித்துவிட்டேன். எவரிடமும் சத்தியக் கூற்று கேட்கவில்லை.

ஆனால் குழு மாதத்தின் முதற் சனிக்கிழமைதான் கூடும். அடுத்த கூட்டம் மார்ச் முதலாம் திகதி. இறுதிப் போட்டி அதற்கு ஒரு வாரம் முன்பு. அவசரக் கூட்டத்துக்குத் தலைவரின் கையொப்பம் வேண்டும். தலைவர் சம்பந்தப்பட்ட விடயத்தில் அவர் கையொப்பமிடலாகாது. வேறெவரும் அவருக்காக ஒப்பமிடவும் முடியாது. அந்த விதியை 2017இல் எழுதியவன் நான். அப்போது எல்லோரும் பாராட்டினார்கள். உறுப்பினர் நால்வரின் வீடுகளுக்கும் சென்று கேட்டேன். நால்வரும் அந்த விதியையே எனக்கு வாசித்துக் காட்டினார்கள்.

ஆகவே அன்று நீ மைதானத்தினுள் இருக்க முடியாது. உன்னைப் பற்றி இருபத்தொரு வருடங்களுக்கு முன்பே நான் எழுதியிருக்க வேண்டியதை ஒரு மாதம் முன்பு எழுதியிருந்தாலும் போதுமாக இருந்திருக்கும். ஜனவரியின் முதற் கடிதத்தில் எழுதியிருக்கலாம். பின்குறிப்பு எழுதினேன்.

இறுதிப் போட்டியின் ஆணையாளராக எனக்குக் கூடாரத்தில் ஒரு கதிரை ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். நீ வெளியே இருக்க நான் உள்ளே இருந்து பார்க்க முடியாது.

தோணியில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறதா?

முனாப்


பழுகாமம்,
12.02.2025

முனாப்,

நீ எழுதிய விதி உன்னையே கட்டிப்போட்டதைப் பிரஷாந்திக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். பிறகு கொழும்புக் கழகத்தின் கடிதத்தைப் பற்றி வாசித்தேன். எழுந்து போய் அடுப்படியில் நின்றாள். நான் இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை.

பதினொரு நாள் என்று ஏன் எழுதினாய்? ஒரு நாளில் எழுதியிருந்தால் உன்னைக் கெட்டவன் என்று நினைத்துவிட்டு இருந்திருப்பேன். பதினொரு நாள் என்னைப் பற்றி யோசித்திருக்கிறாய். அதுதான் தாங்க முடியவில்லை.

தோணியில் இடம் இருக்கிறது. மூன்றரை மணிக்கு வாவிக்கரையில் கண்ணாப் பற்றை முடிகிற இடத்தில் நில். சப்பாத்துப் போட்டு வராதே. நடுவில் இரு, ஆட்டாதே. விதிகளைப் பற்றிப் பேசாதே. மன்னிப்பைப் பற்றியும் பேசாதே. தோணியில் இரண்டு பேருக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்கும்தான் இடம்.

மகளிடம் நீ யார் என்று சொல்லவில்லை. ஒரே வாங்கில் இருந்தவர் வருகிறார் என்று மட்டும் சொன்னேன்.

டெரிக்


ஏறாவூர்,
02.03.2025

அன்புள்ள டெரிக்,

இன்று நோன்பின் முதல் நாள். நோன்போடு எழுதுவதால் இதில் ஒரு சொல்லும் குறைக்க எனக்கு மனமில்லை.

குழு நேற்றுக் கூடியது. எனது திருத்தம் ஏற்கப்பட்டது. உனது தடை 01.03.2025 முதல் நீக்கப்பட்டுள்ளது. முதல் என்ற சொல்லைக் கவனி. இருபத்தொரு வருடங்களும் நான்கு மாதங்களும் இருபத்தைந்து நாட்களும் தடை செல்லுபடியாக இருந்ததாகவே ஏடு சொல்லும். அவற்றைத் திருப்பித் தருவதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நானும் எழுதி வைத்திருக்கவில்லை.

தவறான அறிக்கை சமர்ப்பித்தமைக்காக ஐந்து வருடங்களுக்கு என்னை எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கியுள்ளார்கள். அதுவரை லீக்கின் மைதானங்களினுள் நான் பிரவேசிக்கலாகாது. மேன்முறையீடு செய்யப்போவதில்லை. நீ இனி வாயிலால் போகலாம். தோணி எனக்குத் தேவைப்படும்.

மிஷேல் புதன்கிழமை புறப்படுகிறார். நீ வாயிலால் போகும் நாளில் பார்ப்பதற்கு அவர் அங்கே இருக்கமாட்டார். இதை நான் செய்தேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் அது மன்னிப்புக் கேட்பதாகிவிடும். தோணியில் நீ தடுத்ததைக் கடிதத்தில் செய்யக் கூடாது.

பெப்ரவரி 22ஆம் திகதி நடந்ததைப் பழைய அறிக்கையின் முறையிலேயே எழுதியிருக்கிறேன். இது எந்தக் கோவைக்கும் போகாது. பிரதி ஒன்றுதான், அது உன்னிடம்.

அறிக்கை

22.02.2025. மைதானத்தின் மேற்கு எல்லைக்கு அப்பால், வாவியில், தோணி ஒன்றில்.

ஆட்டத்தின் 83ஆம் நிமிடத்தில், இரு அணிகளும் கோல் எதுவும் அடிக்காதிருந்த வேளை, எதிரணியின் முன்கள வீராங்கனை கோல் காப்பாளரைக் கடந்து பந்தை உதைத்தார். கோல் விழுந்துவிட்டதென எண்ணி அவ்வணியின் ஆதரவாளர்கள் ஏற்கெனவே வெடி கொளுத்தியிருந்தனர். பந்து கோல் கோட்டை நோக்கி உருண்டுகொண்டிருந்த வேளை அது வெடித்தது. சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

திரு. டெரிக் றொசைரோ தமது வலது கையால் எனது பிடரியைப் பற்றி என்னைத் தோணியின் அடியில் தள்ளினார். நான் முகங்குப்புற விழுந்தேன். தோணியில் நின்ற நீர் வாய்க்குள் போனது. பற்களுக்குச் சேதமில்லை. அவர் ஏறத்தாழ பத்து விநாடிகள் என்மீது கிடந்தார். அவர் கூறிய சொற்கள்: "எழும்பாத மச்சான், தலயத் தூக்காத." நான் கூறிய சொற்கள்: "தூக்கல்ல. நீ கைய எடுக்காத." நான் எழ முயலவில்லை.

அந்தப் பத்து விநாடிகளில் 5ஆம் இலக்க வீராங்கனை செல்வி மிஷேல் றொசைரோ தமது கோலை நோக்கித் திரும்பி ஓடிவந்து, பந்தைக் கோல் கோட்டின்மீது வைத்து வெளியே உதைத்தார். அவர் அப்போது வாவிப் பக்கக் கோலைக் காத்தார். அதை நோக்கி ஓடி வந்ததால் அவரது முகம் எமது திசையில் இருந்தது. இதைப் பின்னர் பிறர் சொல்ல அறிந்தேன். நாங்கள் இருவரும் அதைக் காணவில்லை. தோணியில் தனியே இருந்திருந்தால் திரு. றொசைரோ தாம் மட்டும் குனிந்து உடனே நிமிர்ந்திருப்பார் என்பது எனது கணிப்பு. அவர் என்னை மூடிக்கொண்டு கிடந்தார்.

ஆட்டம் தண்ட உதைகளில் முடிந்தது. செல்வி மிஷேலின் அணி வென்றது. அவர் சப்பாத்துடனேயே முழங்கால் அளவு நீரில் இறங்கித் தோணியிடம் வந்து, "டடா, கோட்டுல வெச்சு எடுத்தனே, கண்டீங்களா?" என்று கேட்டார்.

"கண்டன் மகள். நல்லாக் கண்டன். முகத்தயும் கண்டன்" என்று திரு. றொசைரோ கூறினார். இது உண்மையல்ல.

செல்வி மிஷேல் பின்னர் என் பக்கம் திரும்பி, "அங்கிள், நீங்க?" என்றார். எனது சட்டையின் முன்பக்கம் முழுவதும் சேறாக இருந்தது. அதற்கான காரணத்தை அவர் கேட்கவில்லை.

"ஓம் மகள். கண்டன்" என்றேன்.

இதுவும் உண்மையல்ல. இதை நான் திருத்தமாட்டேன்.

வேறு எதுவும் விடப்படவில்லை.

முனாப்